சோபாச் சீர்திருத்தவாதி

வாசகரே, பனிக்காலம், கோடைக்காலம் என்ற பேதமின்றி ஒஸ்லோவில் செழித்து வளரும் ஓர் உயிரினத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். அதன் பெயர் சோபாச் சீர்திருத்தவாதி. உயிரியல் நூல்களில் தேட வேண்டாம். தொலைக்காட்சிக்கு எதிரே தேடுங்கள்.

மாதிரிக்கு ஒருவர்: நகரின் ரொம்சோஸ் பகுதியில் நான்காம் மாடியில் வசிக்கும் திருவாளர் இராசதுரை. வெள்ளிதோறும் மரக்கறிச் சாப்பாடு முடித்து, நெற்றியில் திருநீறு கலையாமல், பிரித்தானிய நகைச்சுவைத் தொடர் ஒன்றின் முன் அமர்வார். கதை எளியது. எம்மாவும் மணமுறிவு பெற்றவர், டானியலும் மணமுறிவு பெற்றவர். இருவரும் ஐம்பதைக் கடந்தவர்கள். இருவருக்கும் முழங்கால் வலி. ஒருவரையொருவர் விரும்புகிறார்கள், சொல்லத்தான் துணிவில்லை. இராசதுரையிடமோ அத்துணிவு அளவின்றி உண்டு. டானியல் தயங்கினால் தலையணையைக் குத்துவார். எம்மா கதவைச் சாத்தினால் தேநீரைக் குடியாமல் ஆறவிடுவார். எம்மாவின் முன்னாள் கணவன் தலைகாட்டினாலோ, இங்கே எழுதவியலாத சொற்களால் அவனை வரவேற்பார்.

"கேளடா டானியல். ஐம்பது வயதிலை ஆருக்குப் பயம்? சனம் கதைச்சால் கதைக்கட்டும்" என்பார்.

டானியலுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அதே சோபாவின் மறுமுனையில் இருந்த தங்கை தவமலருக்குத் தெரியும். வயது ஐம்பத்திரண்டு, மணமுறிவாகி ஒன்பது ஆண்டுகள். அண்ணனின் அறிவுரையைப் பதினொரு வாரங்கள் கருத்தூன்றிக் கேட்டவர், பதினோராம் வார முடிவில் வாய் திறந்தார்.

"அண்ணை, நான் ஒராளைக் கலியாணம் கட்டப்போறன். அவரும் டிவோர்ஸ் எடுத்தவர்தான். பதிவுக்கு நீங்கள் சாட்சியா வரவேணும். நீங்கள் வராட்டி எனக்கு அது கலியாணமாயே இராது."

இராசதுரை தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். பின்னர்த் தம் குரலையும் குறைத்தார்.

"இந்த வயதிலையோ? சனம் என்ன கதைக்கும்?"

"ஆர் அண்ணை சனம்?"

விடை காண இராசதுரை பேர்கனிலுள்ள மைத்துனரையும், லில்லெஸ்ட்ரோமிலுள்ள சம்பந்தியையும், இடையிலுள்ள அனைவரையும் தொலைபேசியில் அழைத்தார். மாப்பிள்ளை யார், எந்த ஊர், முதல் மனைவி ஏன் பிரிந்தார், லில்லெஸ்ட்ரோம் நிலையத்தில் இருவரும் ஒரே வாஃபிள் பணியாரத்தைப் பகிர்ந்து உண்டது மெய்யா? ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவர் கேட்ட பின்னரே எல்லோருக்கும் தெரிந்தது. சனம் கதைக்கத் தொடங்கியது. சனம் யாரென்பதும் துலங்கிற்று.

அடுத்த வெள்ளி, தொடரின் இறுதிப் பகுதி. சோபாவின் மறுமுனை காலி. திரையில் டானியல் ஒருவாறு கேட்டேவிட்டார், எம்மாவும் இசைந்தார். அப்போது பார்த்து எம்மாவின் அண்ணன் குறுக்கே வந்து, ஊர் சிரிக்கும் என்றான். இராசதுரை துள்ளி எழுந்தார்.

"டேய், உன்ரை தங்கச்சி சந்தோசமா இருக்கிறது உனக்கு..."

அந்த வாக்கியம் முடியவில்லை. பதினொரு வாரமாகத் திரைக்கு எறிந்த சொற்களில் ஒன்றாவது திரும்பிவந்து அவர்மேல் விழுந்தது அன்றுதான்.

மறுவாரம் நகர மண்டபத்தில், நீலக் கோட்டு அணிந்து, சாட்சிக் கையெழுத்தை மிகத் திருத்தமாக இட்டார். தவமலர் அழுதார். அவரை அணைத்துக்கொண்டு, காதருகே அண்ணன் மெல்லக் கேட்டார்:

"எல்லாம் சரி பிள்ளை. இவரின்ரை முதல் மனுசி ஏன் விட்டிட்டுப் போனவ?"

இந்த உயிரினம் திருந்தும், முற்றாகத் திருந்தாது.

நீங்கள் இவ்வகையைச் சேர்ந்தவர் அல்லர் என்பதை ஏற்கிறேன். ஆயினும் ஒன்று: மாப்பிள்ளையின் பெயரையோ ஊரையோ நான் இதுவரை எழுதவில்லை, இனியும் எழுதப்போவதில்லை. அதனால் உங்களுக்கு உள்ளூரச் சிறிது அரிப்பெடுக்கிறதா? அப்படியாயின் சோபாவில் சற்றே நகர்ந்து அமருங்கள். இராசதுரைக்கும் இடம் வேண்டுமல்லவா?