தூதர் வீட்டுச் சுவர்

“மழை பெய்தா படுக்கையறை ஒழுகும் சார்,” என்றார் தூதர், வீடு பார்க்க வந்தவரிடம், அவர் கேட்காமலேயே.

வந்தவர் அண்ணாந்து பார்த்தார். அவர் மனைவி கைக்குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

“பக்கத்து வீட்டு நாய் ராத்திரி பூரா குரைக்கும். சமையலறைக் கதவை ஒரு தடவை சாத்திட்டீங்கன்னா, உள்ள இருக்கிறவங்க ஜன்னல் வழியாத்தான் கத்தணும்.”

பின்னால் நின்ற புரோக்கர் தலையில் கையை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தூதர் இன்னும் தூதராகவில்லை. தபால் அலுவலகத்தில் வருடக்கணக்காக முத்திரை குத்தியவர். வயது வரம்பு முடிகிற கடைசி வருடம் வெளியுறவுத் துறைப் பரீட்சை எழுதி, நேர்முகத் தேர்விலும் தேறிவிட்டார். அன்றிலிருந்து தெரு முழுக்க அவருக்கு அந்தப் பெயர்தான். நியமன உத்தரவு இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கோட்டு தைத்தாகிவிட்டது, பெட்டிகள் வாங்கியாகிவிட்டது, குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று தினமும் கைகுலுக்கப் பழகிக்கொண்டிருந்தார்.

உத்தரவு வந்தால் ஒரே வாரத்தில் கிளம்ப வேண்டும் என்று அவர் சொன்ன அன்றே மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். “இந்த வீட்டை யார் தலையிலயாவது கட்டாம நான் விமானம் ஏற மாட்டேன். பூட்டிட்டு வந்தா அங்க உக்காந்துகிட்டும் இந்த ஒழுகலைத்தான் நினைச்சுகிட்டு இருப்பேன். விக்கலைன்னா நீங்க மட்டும் போய்க் கொடி ஏத்துங்க.”

அவள் கூட வராமல் தூதருக்கு ஒரு சட்டை எடுக்கக்கூடத் தெரியாது. அவளை விட்டுவிட்டு வெளிநாடு போவதாவது! ஆக, வீட்டை விற்றே தீர வேண்டும்.

விற்றும் இருப்பார். கெடுத்தது நேர்முகத் தேர்வு வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு புண்ணியவான். “உத்தரவு அனுப்புறதுக்கு முன்னாடி ரகசியமா ஆள் வந்து நம்மளை விசாரிப்பாங்களாம். வந்துட்டுப் போனதே தெரியாதாம்,” என்று காதில் போட்டுவிட்டுப் போய்விட்டார். விற்பனைக்கு இருக்கிற வீட்டுக்கு வேறு எப்படி வருவார்கள்? வீடு பார்க்கிற சாக்கில்தான்! அன்று முதல் வந்தவர்கள் அத்தனை பேரும் தூதர் கண்ணுக்கு அதிகாரிகளாகவே தெரிந்தார்கள். அவர்களிடம் அவர் காட்டிய நேர்மை கொஞ்சநஞ்சமல்ல.

“உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா?” என்றாள் மனைவி, கைக்குழந்தைக்காரர்கள் ஓட்டமும் நடையுமாகப் போன பிறகு. “குழந்தையைத் தூக்கிட்டு வந்தவங்களா அதிகாரி?”

“அந்தக் குழந்தை ஒரு தடவையாவது அழுதுச்சா பார்த்தியா? பயிற்சி கொடுத்த குழந்தை!”

புரோக்கர் எழுந்து வந்தார். “சார், பேச்சு பூரா நான் பார்த்துக்கறேன். நீங்க வாயே திறக்காதீங்க. முதல்ல கூடத்துச் சுவர்ல இருக்கிற ஈரக் கறையை மறைக்க வழி பண்ணுங்க.”

மறுநாளே ஒரு பெயின்டர் ஏணியும் வாளியுமாக வந்து நின்றார். அவர் அடித்த வெள்ளை, நீலமாகக் காய்ந்தது. நீலத்தை மறைக்க மஞ்சள் அடித்தார், அது பச்சையாயிற்று. கையளவு இருந்த கறை கதவளவு ஆனதுதான் மிச்சம். “இன்னொரு கோட் போட்டா சரியாயிடும்மா,” என்று தினமும் சொல்லிவிட்டு ஏணியில் ஏறிவிடுவார். மற்றபடி சாது. டீ கொடுத்தால் குடிப்பார்.

அடுத்து வந்தவர் ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர். புரோக்கர் சொன்னபடியே தூதர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

“ஏன் விக்கறீங்க?” என்றார் கண்ணாடிக்காரர். “அக்கம்பக்கத்துல யாரோடயாவது தகராறு உண்டா?”

தூதருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவர்தான்! சந்தேகமே இல்லை!

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. கூரை, நாய், கதவு எல்லாவற்றையும் சொல்லி முடித்து, தாம் எட்டாம் வகுப்பில் காப்பி அடித்ததையும் சொன்னார். கண்ணாடிக்காரர் பின்பக்கமாகவே நகர்ந்து வாசலைத் தாண்டினார். தூதர் விடவில்லை. “ஆபீஸ் பசை டப்பா ஒண்ணு வீட்லயே தங்கிடுச்சு சார். இன்னிக்கே திருப்பிக் கொடுத்துடறேன்!” என்று தெருமுனை வரை கூடவே போனார்.

திரும்பி வந்தவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். “விசாரணை முடிஞ்சுது! இனி எவர் வந்தாலும் வெறும் ஆளுதான்!”

“அப்ப இனிமேலாவது நாலு பொய் சொல்லுவீங்களா?”

“பொய்யா? சேச்சே. பக்குவமாச் சொல்றேன், பாரு.”

அடுத்த நாள் முன்னாலேயே வந்துவிட்ட புரோக்கர் சுவரைப் பார்த்து மலைத்துப்போனார். “இந்த பெயின்டரை எங்க சார் பிடிச்சீங்க?” அவர் கேட்டு வாய் மூடுவதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. இறங்கியது ஒரு பல் டாக்டரம்மா. சொத்தை தேடுகிற கண்.

“கூரை எப்படி?” என்றார்.

“ஊர்ல மழைன்னா முதல்ல இந்த வீட்டுக்குத்தான் தெரியும் டாக்டர்.”

“திருட்டு பயம்?”

“ஈ காக்கா நுழையாது. பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரி பூரா கண் மூடாத மாதிரி ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கார். நமக்கு ஒரு செலவும் இல்ல.”

“கதவெல்லாம் பலமா?”

“சமையலறைக் கதவைச் சாத்திட்டா என்னாலயே திறக்க முடியாது.”

டாக்டரம்மா கூடத்துச் சுவர் முன்னால் நின்றார். “இது என்ன?”

புரோக்கர் கண்ணை மூடிக்கொண்டார். தூதரோ ஏணி மேல் நின்ற பெயின்டரை மரியாதையாக ஒரு பார்வை பார்த்து, குரலைத் தாழ்த்தினார். “அவர் இன்னும் முடிக்கல.”

டாக்டரம்மா தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். “போதும். இப்படியே விட்டுடச் சொல்லுங்க. நல்லா இருக்கு.”

வீடு விலை பேசி முடிந்தது. தூதர் பழகி வைத்திருந்த கைகுலுக்கலை முதல் தடவையாக ஒரு நிஜக் கைக்குக் கொடுத்தார்.

கார் தெரு திரும்பியதும் மனைவி சந்தோஷத்தில் சிரித்தாள், அழுதாள், பெட்டியைத் திறந்தாள், மூடினாள். “நானும் வர்றேங்க! இனி உத்தரவு ஒண்ணுதான் பாக்கி!”

அப்போதுதான் பெயின்டர் ஏணியிலிருந்து இறங்கினார். கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். வெளியுறவுத் துறை.

தூதர் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். “அப்ப... நேத்து வந்த கண்ணாடிக்காரர்?”

“அவர் நிஜமாவே வீடு வாங்க வந்தவர் சார், பாவம்.”

“என்னைப் பத்தி... என்ன எழுதியிருக்கீங்க?”

பெயின்டர் பிரஷ்ஷை வாளியில் போட்டார். “நேத்து வரைக்கும் ‘வாயில எதுவும் நிக்காது, தூதர் வேலைக்கு ஆகாது’ன்னுதான் சார் எழுதி வெச்சிருந்தேன்; இன்னிக்கு ஒரு பொய்யும் சொல்லாம, ஒரு உண்மையும் சொல்லாம வீட்டையே வித்துட்டீங்களே, கிளம்புங்க!”