பத்து விநாடி கூடிப் பேசச் சொல்லுங்கள், மாப்பிள்ளை

ஹார்லன் கிரீக், நெப்ராஸ்கா
17 அக்டோபர் 2006, செவ்வாய்

டன்மோர் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் தலைமைப் பயிற்சியாளரும், அதைவிட முக்கியமாக என் ஒரே மகள் ஜனெலின் கணவருமான மாப்பிள்ளை டேரின் வோசிகா அவர்களுக்கு, மாமனார் எல்ராய் குபிசெக் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அத்தை லவோன் சுகம். நாய் சுகம். சோளம் முக்கால்வாசி அறுத்தாயிற்று, அதுவும் சுகம். என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை. அதற்குக் காரணம் நீங்கள்தான் என்பதை மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

நாலு தெரு தள்ளி இருக்கிறவருக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். வேறு என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் ஃபுட்பால் பேச்சு எடுக்கக்கூடாது என்பது உங்கள் அத்தை போட்ட சட்டம். ஃபோன் செய்தால் ஜனெல் எடுத்து, "அவர் வீடியோ பாத்துட்டிருக்கார்ப்பா" என்கிறாள். காலையில் கேட்டாலும் வீடியோ, மத்தியானம் கேட்டாலும் வீடியோ. கல்லூரிக்கே நேரில் வந்தால் நீங்கள் வெள்ளைப் பலகையில் வட்டமும் பெருக்கல் குறியும் போட்டுக்கொண்டே, "சொல்லுங்க மாமா, காது இங்கதான் இருக்கு" என்கிறீர்கள். காது இங்கே இருந்து என்ன பிரயோஜனம்? அதனால்தான் தபால்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நேற்று உங்கள் விளையாட்டுத் துறை இயக்குநர் கார்வின் ப்ளூம் என்னைக் கூப்பிட்டு, வருகிற சனிக்கிழமை ஆஷ்வுட் கல்லூரியோடு நடக்கும் ஆட்டத்திலிருந்து பந்து போகிற இடத்துக்கெல்லாம் ஓடி, பத்து கஜம் அளக்கிற சங்கிலியின் கம்புகளைப் பிடிக்க ஓட்டப் பந்தயப் பெண்கள் மூன்று பேரை ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னார். முப்பத்தொரு வருஷமாக மைதானத்தின் ஓரத்தில் நான் முன்கம்பும், கேலார்ட் நெஸ் பின்கம்பும், மெர்ல் ஸ்டோல்ட்ஸ் எத்தனையாவது முயற்சி என்று காட்டும் எண் பலகைக் கம்பும் பிடித்து வந்திருக்கிறோம். மழையில் பிடித்தோம், பனியில் பிடித்தோம். நான்கு முயற்சியில் பத்து கஜம் போனார்களா இல்லையா என்பதற்கு இந்த ஊரில் எங்கள் சங்கிலிதான் சாட்சி. "உங்க மேல ஒரு குறையும் இல்ல எல்ராய், ஆட்டம் வேகமாயிடுச்சு, அவ்வளவுதான்" என்றார் ப்ளூம். ஆட்டம் தானாகவா வேகமானது? யார் வேகமாக்கினார்கள்? என் வீட்டுக்குப் பெண் எடுக்க வந்தவர்தானே வேகமாக்கினார்.

எல்லாம் அந்த ஸ்ப்ரெட் வந்த பிறகுதான். பதினோரு பேரையும் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை துணி காயப் போட்ட மாதிரி பரத்தி நிறுத்தி, பந்தைக் கண்ட இடத்துக்கு வீசி, விழுந்த பையன் எழுந்திருப்பதற்குள் அடுத்ததை வீசுகிற இந்த ஆட்டத்தை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியவில்லை. சனிக்கிழமை டிவியைப் போட்டால் டெக்சாஸிலும் அதுதான், ஃப்ளோரிடாவிலும் அதுதான், போன வருஷம்வரை மனிதர்களாக ஆடிக்கொண்டிருந்த காலேஜ்களில்கூட அதுதான். நம் ஊர் ஹைஸ்கூலில் ஆரம்பித்துவிட்டார்கள். எட்டாம் வகுப்புப் பையன்கள்கூட பரந்து நிற்கிறார்கள். முன்பெல்லாம் ஒரு முயற்சி முடிந்தால் பையன்கள் வட்டமாகக் கூடி, தலையோடு தலை வைத்து, அடுத்தது என்ன என்று பேசிவிட்டு வந்து நிற்பார்கள். பந்தை வாங்கினவன் நேராக நடு நெஞ்சில் மோதுவான். மூன்று கஜம். மறுபடி கூடுவார்கள். மறுபடி மூன்று கஜம். அதில் ஒரு நிதானம் இருந்தது, மாப்பிள்ளை. நீங்களும் இதே கல்லூரிக்கு அப்படித்தானே ஆடினீர்கள்? நீங்கள் முட்டித் தள்ளுகிற ஆள் என்று பார்த்துத்தானே நான் ஜனெலுக்குச் சம்மதம் சொன்னேன்.

முதல் ஆட்டத்திலேயே தொல்லை ஆரம்பித்துவிட்டது. மெர்ல் ஜூலையில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டார், உங்களுக்குத் தெரியும். அந்தக் கதையை எங்களுக்குச் சொல்ல செப்டம்பர்வரை காத்திருந்தார்; ஆட்டத்தின் நடுவில் பேசுவதுதான் எங்கள் வழக்கம். அவர் "டாக்டர் உள்ள வந்தாரு" என்று ஆரம்பித்தார், உங்கள் அணிப் பையன் பதினெட்டு கஜம் எறிந்தான். ஓடினோம். மூச்சு வாங்கிக்கொண்டு "உள்ள வந்து கையுறையப் போட்டாரு" என்றார், இன்னொரு இருபது கஜம். ஓடினோம். ஆறு ஆட்டம் முடிந்துவிட்டது, அந்த டாக்டர் இன்னும் கையுறையோடு நின்றுகொண்டிருக்கிறார். மெர்ல் பிழைத்தாரா என்பதே எங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும், நல்லவேளை பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறார். இரண்டாவது ஆட்டத்தில் நம் பையன் எறிந்த பந்தை எதிரணிக்காரன் பிடித்துத் திரும்பி ஓட, அது தெரியாமல் நான் கிழக்கே ஓட, அதைப் பார்த்துவிட்ட கேலார்ட் மேற்கே ஓட, நடுவில் இருந்த சங்கிலி விறைத்து, வந்திருந்த அணியின் தண்ணீர் மேஜை அப்படியே கவிழ்ந்தது. அவர்களுடைய பயிற்சியாளர் தொப்பலாக நனைந்துபோய், "யோவ் பெரிசு, நீ எந்தக் கட்சி?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அறுபத்தேழு வயது. எந்தக் கட்சி என்று என்னைக் கேட்டார்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது நாலாவது ஆட்டத்தில் நடந்தது. அளப்பதற்குக் கூப்பிடுவது என்றால் எங்களுக்கு என்ன என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பத்து கஜம் ஆயிற்றா என்று நடுவருக்கே சந்தேகம் வந்து கையைக் காட்டினால், நாங்கள் மூன்று பேரும் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் நடப்போம். நடப்போம், ஓடமாட்டோம். மூவாயிரம் பேரும் வாயைத் திறக்கமாட்டார்கள். சங்கிலியை இழுத்து நான் கம்பை நட்டால் அதுதான் தீர்ப்பு. இந்தப் பாழாய்ப்போன ஸ்ப்ரெட்டில் எவன் பத்து கஜத்தில் நிற்கிறான்? ஒன்று இருபது, இல்லையென்றால் பூஜ்யம். முதல் மூன்று ஆட்டத்திலும் ஒருத்தரும் அளக்கக் கூப்பிடவில்லை. நாலாவது ஆட்டத்தில் கடைசியாக ஒரு தடவை நடுவர் கையைக் காட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சங்கிலியில் ஒரு கிளிப் இருக்கிறதே, அதை ஏதாவது ஒரு கோட்டுக்கு நேராக முன்கூட்டியே மாட்டி வைத்தால்தான் உள்ளே போனதும் அதே கோட்டில் வைத்துச் சரியான இடத்தைக் கண்டுபிடிக்க முடியும். ஓடி ஓடி வந்த களைப்பில் அதை முப்பதாவது கோட்டில் மாட்டிவிட்டு, முப்பத்தைந்து என்று மனதில் வைத்துக்கொண்டேன். கம்பீரமாக உள்ளே நடந்தோம். முப்பத்தைந்தில் வைத்தோம். இழுத்தோம். அரை கஜம் தாண்டி விழுந்திருந்த பையன் நாலரை கஜம் குறைவாக நின்றான். நடுவர் பந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எல்ராய், இந்த மைதானம் உங்களுக்குப் பழக்கம்தானே?" என்றார். மூவாயிரம் பேரும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது மாப்பிள்ளை. இன்றுவரை அந்தச் சிரிப்பு காதை விட்டுப் போகவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் எங்களை யாரும் கவனித்ததே இல்லை. கவனிக்காமல் இருக்கிறார்கள் என்றால் வேலையைச் சரியாகச் செய்கிறோம் என்று அர்த்தம்.

போன சனிக்கிழமை நீங்களே பார்த்தீர்கள். ஐம்பத்திரண்டு கஜம் எறிந்தான். ஐம்பத்திரண்டு கஜத்தையும் நான் ஓடினேன். நாற்பதாவது கஜத்தில் முழங்கால் 'சடக்' என்றது. கம்போடு சேர்ந்து விழுந்தேன். நடுவர் வந்து குனிந்து, "எந்திரிக்கிறீங்களா, இல்ல உங்களையே நட்டுட்டு ஆட்டத்த ஆரம்பிக்கவா?" என்று கேட்டார். ஆட்டம் நின்றுபோனதால் நம் ஊர்க்காரர்களே கூச்சல் போட்டார்கள். பத்து வருஷமாக என் சோளத்தை எடை போட்டு வாங்கினவர்கள், என்னோடு ஒரே கோயிலில் ஜெபம் செய்கிறவர்கள். நீங்கள் அந்தப் பக்கத்து ஓரத்தில் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே வானத்தைப் பார்த்தீர்கள். அதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆறு ஆட்டத்தில் ஐந்து ஜெயம், ஒத்துக்கொள்கிறேன். போன வருஷம் பத்தில் ஒன்று, அதையும் ஒத்துக்கொள்கிறேன். "மாமா, நம்ம பசங்க ஒல்லிப் பசங்க. முட்டித் தள்ளச் சொன்னா அவங்கதான் ஒடஞ்சு போவாங்க. அதான் பரப்பி விட்டு ஓட விடறேன்" என்று ஆகஸ்டிலேயே சொன்னீர்கள். நியாயம்தான். ஜெயித்தால் மட்டும் போதுமா? ஜெயிக்கிற அவசரத்தில் ஒரு மனுஷனை ஊரார் முன்னால் மண்ணில் உருட்டலாமா? நான் ஒன்றும் பழையபடி மூன்று கஜத்துக்கே திரும்பச் சொல்லவில்லை. எறியட்டும். எறிந்த பிறகு பத்தே பத்து விநாடி வட்டமாகக் கூடிப் பேசச் சொல்லுங்கள். பேச விஷயம் இல்லாவிட்டால் வானிலையைப் பற்றிப் பேசட்டும். அந்தப் பத்து விநாடி கிடைத்தால் நாங்கள் பந்து இருக்கிற இடத்துக்கு வந்துவிடுவோம், ப்ளூமிடமும் நீங்களே ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண்களை வேண்டாம் என்றுவிடுவார். அந்தக் கம்பு இல்லாமல் சனிக்கிழமையில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியாது. மாமனார் மருமகனிடம் கேட்கிற விஷயமா இது என்று எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. கேட்டுவிட்டேன்.

உங்களுக்கும் ஜனெலுக்கும் உடம்பும் மனசும் நன்றாக இருக்கட்டும், உங்கள் அணிப் பையன்களுக்கு ஓர் எலும்பும் நோகாமல் இருக்கட்டும், கர்த்தர் உங்கள் வீட்டு வாசலில் எப்போதும் காவல் இருக்கட்டும். லவோன் உங்களுக்குப் பூசணி பை பலகாரம் ஒன்று சுட்டுக் கொடுத்து அனுப்புகிறாள்; பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள்.

இப்படிக்கு, உங்கள் நலம் நாடும் மாமனார்,
எல்ராய் குபிசெக்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மெர்ல் வண்டியை வாசலில் நிறுத்தி, ரேடியோவைச் சத்தமாக வைத்து என்னைக் கூப்பிட்டார். ஆஷ்வுட்டின் பயிற்சியாளர் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருஷமாக நாம் ஜெயிக்காத அதே ஆஷ்வுட். டன்மோரின் வேகத்தை எப்படி நிறுத்தப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு அந்த ஆள் சிரித்துக்கொண்டே, "நான் எதுக்குங்க நிறுத்தணும்? அவங்க ஊர்ல சங்கிலி புடிக்கிற மூணு தாத்தாங்க இருக்காங்க. அவங்க வந்து சேர்றதுக்குள்ள எங்க பசங்க உக்காந்து தண்ணி குடிச்சிட்டு எந்திரிச்சுருவாங்க" என்றார். மெர்ல் ரேடியோவை அணைத்தார். நான் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். பிறகு கேலார்டையும் ஏற்றிக்கொண்டு மூன்று பேருமாக ப்ளூம் அலுவலகத்துக்குப் போய், கம்புகளை நாங்களே ஒப்படைத்துவிட்டு வந்தோம். அந்தப் பெண்களில் ஒருத்தி அங்கேயே இருந்தாள். கிளிப்பை எந்தக் கோட்டில் மாட்டுகிறாளோ அந்தக் கோட்டின் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொள்ளப் போகிறாளாம். முப்பத்தொரு வருஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

ஆகையால் மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். படித்திருந்தால் மறந்துவிடுங்கள். பத்து விநாடி வேண்டாம், ஒரு விநாடிகூட வேண்டாம். லவோனிடம், சனிக்கிழமை உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன். இத்தனை வருஷமாக அந்தப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து பார்த்தவள், சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "உக்காருங்க. ஆனா அங்க வந்து மாப்பிள்ளையோட ஆட்டத்தக் கொற சொன்னீங்கன்னா நான் வேற பெஞ்சுக்குப் போயிடுவேன். இந்த வருஷம்தான் நான் தூங்காம பாக்கறேன்" என்றாள்.

முதல் முயற்சியிலேயே பந்தைத் தூக்கி எறியச் சொல்லுங்கள், மாப்பிள்ளை.