வெள்ளாயணிப் பஞ்சும் எங்கள் டீச்சரும்

மனித ஜாதியைவிடக் கடற்பஞ்சு ஜாதிக்கு அதிக மரியாதை கொடுத்தவர் இந்த உலகத்தில் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் பஞ்சு டீச்சர்தான். ஸ்ரீவராகத்திலிருந்து தினமும் ஒரு கையில் குடையும் மறு கையில் தூக்குச்சட்டியுமாகக் கல்லூரிக்கு நடந்து வருவார். சட்டியில் மோர்சாதம் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். வெள்ளாயணிக் காயல் தண்ணீர், அதில் ஒரு குச்சி, குச்சியைச் சுற்றிப் பச்சைப் பாசி மாதிரி ஒட்டிக்கொண்டு ஒரு பிராணி. கடற்பஞ்சு இனம்தான், ஆனால் உப்பில்லாத நல்ல தண்ணீரில் வாழ்வது. வாய் கிடையாது, வயிறு கிடையாது, நரம்பு கிடையாது. தண்ணீரை உறிஞ்சி, உள்ளே இருக்கும் நுண்ணுயிர்களைத் தின்றுவிட்டு, மிச்சத்தை வெளியே விடும். இதற்குத்தான் டீச்சர் ஆட்டோவில் ஏறமாட்டார். குலுங்குமாம்.

நான் அப்போது அந்த விலங்கியல் துறையில் கெஸ்ட் லெக்சரர். நாகர்கோவிலிலிருந்து வலியசாலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கெஸ்ட் என்று பெயர்தான். மார்ச் மாதம் வந்தால் போய்வா என்று சொல்லாமலே போகவேண்டிய விருந்தாளி.

ஒருமுறை ஆசிரியர் கூட்டத்தில் பிரின்சிபால், “இந்தக் காலத்துப் பசங்களுக்கு முதுகெலும்பே இல்லை” என்று வருத்தப்பட்டார். டீச்சர் எழுந்து நின்றார்.

“சார், முதுகெலும்பு இல்லாதது ஒரு குறையா? லோகத்துல முக்காவாசிப் பிராணி அது இல்லாமத்தான் இருக்கு. அதுகள் ஒண்ணும் மீட்டிங் போட்டுப் புலம்பறதில்லை.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் அடுத்த அரைமணி நேரம் பஞ்சைப் பற்றிக் கேட்க வேண்டிவரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

துறை வராந்தாவில் பரிணாம மரத்தின் பழைய படம் ஒன்று தொங்கியது. அடியில் பஞ்சு, உச்சியில் வகிடெடுத்துத் தலைவாரிய ஒரு மனிதன். டீச்சர் ஒருநாள் ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் படத்தைப் பக்கவாட்டில் திருப்பி மாட்டிவிட்டார். மனிதன் படுத்துவிட்டான். அட்டெண்டர் மணியன் அண்ணன் பதறிப்போய் நேராக மாட்டினார். மறுநாள் மனிதன் மறுபடி படுத்தான்.

“டீச்சரே, பிள்ளைங்க களுத்தைச் சரிச்சுல்லா பாக்குதுவ?”

“பாக்கட்டும் மணியா. இன்னிக்கு உசிரோட இருக்கற எல்லாக் கிளைக்கும் ஒரே வயசாக்கும். பஞ்சு கீழே நின்னுண்டு நம்மளை அண்ணாந்து பாக்கலை, கேட்டியா?”

மணியன் அண்ணன் தோற்றார். மனிதன் இன்றைக்கும் அங்கே படுத்துக்கொண்டுதான் இருக்கிறான் என்று கேள்வி.

ஆனால் டீச்சரை வெறும் பஞ்சுப் பைத்தியம் என்று ஒதுக்கிவிட முடியாது. விலங்குக் குடும்பத்தில் முதலில் பாகம் பிரித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனது பஞ்சா, அல்லது சீப்பு ஜெல்லி என்கிற கண்ணாடி மாதிரி கடல்பிராணியா என்று விஞ்ஞானிகளுக்குள் ஒரு வழக்கு வெகுகாலமாக நடக்கிறது. டீச்சர் பஞ்சுக் கட்சி. மரபணுக்களை ஒப்பிட்டு, சீப்பு ஜெல்லிதான் முதலில் போனது என்று ஒரு புதிய ஆய்வுக் கட்டுரை வந்த அன்று அவர் மத்தியானம் சாப்பிடவில்லை. மூன்று மணிக்கு வகுப்பில் அந்தக் கட்டுரையைத்தான் பாடமாக நடத்தினார்.

“உங்க கட்சி தோத்துப்போச்சே டீச்சர்” என்றேன்.

“எனக்குப் பிடிக்கலைங்கறதுக்காக ஜீன் மாத்திச் சொல்லுமா? நாளைக்கு வேற சாட்சி வந்தா வேற சொல்லுவோம். இன்னிக்கு இதுதான்.”

பஞ்சிடம் அவரை மயக்கிய வித்தை ஒன்று உண்டு. பஞ்சை மெல்லிய துணியில் வைத்துப் பிழிந்தால் செல்கள் தனித்தனியாக உதிர்ந்து தண்ணீரில் விழும். கொஞ்ச நேரத்தில் அவை மெதுவாக நகர்ந்து, தொட்டு, ஒன்றையொன்று அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும். விட்டால் மறுபடி பஞ்சாகும். இதற்கான சல்லடைத் துணி கேட்டு ஆபீசுக்கு எழுதினார். பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய்த் தன் கூறைப்புடவையை எடுத்துக் கத்தரித்துக்கொண்டு வந்துவிட்டார்.

நான் அதிர்ந்துபோய், “ஆத்துல ஒண்ணும் சொல்லலையா?” என்றேன்.

“மாமாவா? ‘ஜரிகைப் பக்கம் வேண்டாம், செல்லு அதுல மாட்டிக்கும்’னார்.”

அந்த வருஷம் எங்கள் துறைக்கு எம்.எஸ்ஸி. வகுப்பு கேட்டு விண்ணப்பித்திருந்தார்கள். கிடைத்தால் எனக்கு வேலை நீடிக்கும். கிடைக்காவிட்டால் மார்ச்சோடு சரி. என் வீட்டுக்காரருக்குக் கடையில் வேலை போய்விட்டிருந்த நேரம் அது. பாட்டிலில் ஊறும் பிராணிகளைக் காட்டினால் போதாது, உயிரோடு நடக்கும் ஆராய்ச்சி ஒன்று வேண்டும் என்று சொல்லித்தான் அனுமதி தரும் குழு வந்தது. டீச்சர் பஞ்சு பிழியத் தயாரானார். நான் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

காலையில் பிழிந்து வைத்தாயிற்று. குழுத் தலைவர் மைக்ராஸ்கோப்பில் குனிவதற்கு முன்னால் டீச்சர் ஒருமுறை பார்த்தார். நெற்றி சுருங்கியது. தட்டிலிருந்த தண்ணீரை முகர்ந்தார். காயல் நாற்றம் இல்லை.

“மணியா, இது எந்தத் தண்ணி?”

மணியன் அண்ணன் பெருமையோடு முன்னால் வந்தார். “ஆபீஸ் ரூம் பில்டர்ல பிடிச்சதாக்கும் டீச்சரே. பெரிய ஆளுவ வந்து பாக்கும்போ அந்த நாத்த வெள்ளத்தையா வைக்கது?”

வந்தவர்களுக்கு நல்ல தண்ணீர் வைத்திருக்கிறார் பாவம். அந்த வடிகட்டி சுண்ணாம்புச் சத்தையும் சேர்த்து எடுத்துவிடும். அந்தச் சத்து இல்லாமல் பஞ்சின் செல்கள் ஒட்டாது.

இதற்குள் தலைவர் குனிந்து பார்த்துவிட்டார். நல்ல மனிதர். விஷயம் முன்கூட்டியே அவருக்கு விளக்கப்பட்டிருந்தது. “ஆகா, சேர்கிறதே! பிரமாதம்” என்றார். மற்ற இருவரும் பார்த்து, ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவர் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார்.

டீச்சர் சும்மா இருந்தால் போதும். வேறு ஒன்றுமே செய்ய வேண்டாம். நான் அவரைப் பார்த்தேன். கண்ணாலேயே கும்பிட்டேன். அவரும் என்னைப் பார்த்தார், நான் கேட்பது என்னவென்று நன்றாகப் புரிந்துதான் பார்த்தார்.

“இல்லை சார், சேரலை” என்றார். “நீங்க பாக்கறது தூசி. தண்ணியைச் சரி பாக்காதது என் தப்பு. சாயங்காலம் வரைக்கும் இருந்தேள்னா சரியாக் காட்டறேன்.”

தலைவரின் முகம் சிவந்தது. தூசியைப் பாராட்டியவர் என்று அட்டெண்டர் முன்னால் ஆகிவிட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? அவர்களுக்கு மத்தியானம் விமானம். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பிரின்சிபாலிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்கள். மணியன் அண்ணன் சுவரோரம் நின்று அழுதார். டீச்சர் அவரைத் திட்டவில்லை. “போய்க் காயல் தண்ணி கொண்டா” என்று மட்டும் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தில் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. டீச்சர் மறுபடி பஞ்சைப் பிழிந்தார். நான் துணியைப் பிடித்துக்கொண்டேன். வெயில் தாழ்ந்தபோது மைக்ராஸ்கோப்பை என் பக்கம் தள்ளி வைத்தார்.

“இப்போ பாரு பிரேமா.”

குனிந்தேன். அதுவரை அடக்கிவைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் வந்தது. வாடகை, வீட்டுக்காரர், மார்ச் மாதம் எல்லாமாகச் சேர்ந்து கண்ணை நிறைத்துவிட்டது.

“தெரியறதா?”

“இல்லை டீச்சர். ஒண்ணும் தெரியல.”

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் முதுகில் கையை வைத்தார். யாரையும் தொட்டுப் பேசுகிறவர் இல்லை அவர்.

“தெரியலைன்னா தெரியலைன்னுதான் சொல்லணும். அவா யாரும் சொல்லலை, நீ சொன்னே. அவசரமில்லை. கண்ணைத் துடைச்சுண்டு பாரு, நான் இருக்கேன்.”

துடைத்துக்கொண்டு பார்த்தேன். நாலைந்து செல்கள் சேர்ந்து ஒரு சின்ன உருண்டையாகியிருந்தன. பக்கத்தில் இன்னொன்று வந்துகொண்டிருந்தது. என் வேலையைப் போக்கிய மனுஷிதான். ஆனாலும் அந்தக் கையை அவர் எடுத்துவிடக் கூடாது என்று, தெரிந்த பிறகும் வெகுநேரம் தெரியவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.