ஈரச் சுவரின் விலை

வீட்டு விலையை ஏற்றிவிட ஊரில் ஆயிரம் பேர் உண்டு. இறக்குவதற்கென்றே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிய ஒரே ஆள் நம் டைம்கீப்பர்தான். அதுவும் அடுத்தவன் வீட்டை அல்ல, சொந்த வீட்டை.

பஸ் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம், எந்த வண்டி எப்போது வந்தது, எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதியே ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் பேர் போகவில்லை. வீடு, அறுபத்திரண்டு வயதான வரிசை வீடு. ஒன்பது வீடுகள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்த மாதிரி, நடுவில் ஒற்றைச் சுவர். இங்கே ஒருவர் இருமினால் அங்கே ஒருவர் தண்ணீர் குடிப்பார்.

அம்மா போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் பாதி மகனுக்கு, பாதி மகளுக்கு என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தாள். மகள் என்றால் டைம்கீப்பரின் தங்கை. புருஷனைப் பறிகொடுத்து, நாலு வருஷத்துக்கு முன் ஒரே ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தவள். வந்த நாளிலிருந்து அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, கடைசியில் இமைகளை மூடிவைத்ததும் அவள்தான்.

மூன்றாம் எண் வீட்டைப் போன வருஷம் டைல்ஸ் கடைக்காரர் எண்பது லட்சத்துக்கு வாங்கியிருந்தார். இப்போது இந்த வீட்டுக்கும் அதே விலை தரத் தயார் என்று டைம்கீப்பரின் காதில் மட்டும் சொன்னார். டைம்கீப்பருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தங்கையின் பாதியை அடிமாட்டு விலைக்கு வாங்கி, முழு வீட்டையும் எண்பதுக்குத் தள்ளிவிட்டால் ஒரு மினி பஸ் வாங்கலாம். இனி தாமதத்தை எழுத வேண்டாம், தாமாகவே தாமதமாகப் போகலாம். முன்பு ஒரு லாரியில் கூட்டுச் சேர்ந்ததும், அந்த லாரி மலைப் பாதையில் கவிழ்ந்ததும், அதோடு மனைவியின் கழுத்து காலியானதும் அவருக்கு ஞாபகமே இல்லை. மனைவிக்கு இருந்தது.

தங்கையை உட்காரவைத்துப் பேசினார். வெளியாள் ஒருவர் வந்து மதிப்புப் போடட்டும், அவர் சொல்லும் தொகையில் பாதியை யார் முதலில் பத்திரம் எழுதுகிறவரிடம் கட்டுகிறாரோ, அவர் கைகாட்டும் ஆளுக்கு மற்றவர் தன் பங்கை எழுதிக் கொடுக்க வேண்டும், கெடு முப்பது நாள். "கைகாட்டும் ஆள்" என்ற வரி அவர் மூளையில் உதித்தது. தங்கையின் பங்கை நேரே டைல்ஸ் கடைக்காரர் பேருக்கே எழுத வைத்தால் பத்திரச் செலவு ஒரு தடவையோடு போகும். "யார் முதலில்" என்று ரெண்டு பேருக்கும் பொதுவாக எழுதச் சொன்னது மட்டும் மனைவி.

"உங்களுக்கு மட்டும்னு எழுதினா, கூடப் பிறந்தவளை ஏமாத்திட்டான்னு தெருவே பேசும். பொதுவா எழுதுங்க. அவகிட்ட பணமா இருக்கு?"

இருபத்தேழு வருஷத்தில் மனைவி முதன்முதலாகத் தன் கட்சியில் சேர்ந்துவிட்டாள் என்று டைம்கீப்பர் பூரித்துப்போனார். தங்கை கையெழுத்துப் போட்டாள்.

அப்புறம் ஆரம்பித்தது திருப்பணி. மொட்டைமாடித் தொட்டியின் குழாயை லேசாகத் தளர்த்திவிட்டார். முன்னறைச் சுவரில் தினமும் காலை பதினொரு மணிக்கு ரெண்டு வாளி தண்ணீர். பூச்சு உப்பிப் பொலபொலவென்று உதிர்ந்தது. வாளியைத் தூக்கிவந்து கொடுத்தவள் மனைவி. மேல்மூலையை விட்டுவிட்டீர்களே என்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டவளும் அவளே. பொதுச் சுவர் ஆயிற்றே, நாலாம் நாள் பக்கத்து வீட்டு லாரி டிரைவர் தன் பீரோவுக்குப் பின்னால் பாசி பிடிக்கிறதென்று சண்டைக்கு வந்தார். அவரையும் அவள்தான் சமாதானம் செய்து அனுப்பினாள்.

ஒரே ஒரு இடத்தில் டைம்கீப்பரின் வாளி நின்றது. அம்மா கடைசிக் காலத்தில் கட்டிலிலிருந்து குளியலறைவரை சுவரைப் பிடித்தபடியே போவாள். அவள் கை பட்டுப் பட்டு, இடுப்பு உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. நடுநடுவே அவள் நின்று மூச்சு வாங்கிய இடங்களில் மட்டும் முழு உள்ளங்கை. டைம்கீப்பர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, அழுக்குச் சுவர் என்றால் இன்னும் அம்பதாயிரமாவது குறையும் என்று தோன்றியது. அப்படியே விட்டுவிட்டார்.

மதிப்பீட்டாளர் வந்தார். டாக்டர் முதுகைத் தட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு சுவராகத் தட்டினார். வயசு என்ன என்று கேட்டார். அறுபத்திரண்டு என்றார் டைம்கீப்பர். வீட்டுக்கா, உங்களுக்கா என்றார் அவர். இரண்டுக்கும் அதே வயசு, இரண்டுக்குமே பழுதுபார்க்க வழியில்லை என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

மூன்றாம் எண் வீடு எண்பதுக்குப் போனதே என்று அவர் விசாரிக்க, அது பக்கத்துப் பக்கத்து வீடாகச் சேர்க்கிற பைத்தியத்தில் ஒருவர் கொடுத்த விலை, அதையெல்லாம் கணக்கில் எடுக்கலாமா என்று டைம்கீப்பர் நியாயம் பேசினார். மதிப்பீட்டாளர் தலையாட்டி அந்த வரியை அடித்தார். பழுப்புக் கோட்டின் முன் நின்று, இது என்ன கறை என்றார். அடுப்படி வாசலில் நின்ற தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் "கறை" என்றே எழுதிக்கொண்டார்.

மண்ணுக்கு விலை உண்டு, மேலே நிற்பதற்குப் பெரிதாக இல்லை என்று சொல்லி நாற்பத்துநாலு லட்சம் போட்டார். பாதி, இருபத்திரண்டு. டைம்கீப்பருக்கு அன்று சோறு இறங்கியது.

டைல்ஸ் கடைக்காரர் முன்பணம் தருவதாகச் சொன்னார், ஆனால் வெளியூர் போய்த் திங்கட்கிழமைதான் திரும்புவார். கெடு முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அவசரம் என்ன? திங்கட்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்கு, ஒரு நிமிஷம் பிசகாமல், அவரையும் அவர் செக்கையும் கூட்டிக்கொண்டு பத்திரம் எழுதுகிறவரின் அறைக்குள் நுழைந்தார்.

பெஞ்சில் மனைவியும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். பத்திரம் எழுதுகிறவர் கண்ணாடியைக் கழற்றி, தங்கச்சியம்மா வெள்ளிக்கிழமையே பணத்தைக் கட்டிவிட்டார்கள் என்றார். கைகாட்டிய ஆள் உங்கள் வீட்டம்மா, உங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

டைம்கீப்பர் பெஞ்சைப் பார்த்தார்.

"ஏது இவ்வளவு பணம்?"

"ஆஸ்பத்திரியில இருபத்துநாலு வருஷம் அடுத்தவங்க ரத்தக்கறைத் துணி துவைச்ச பணம். ரிட்டயர் ஆனதும் மொத்தமா கொடுத்தாங்க," என்றாள் மனைவி.

"நீ எப்ப ரிட்டயர் ஆனே?"

"அத்தை போன மறுவாரம். காலைல பதினொரு மணிக்கு வாளி தூக்கிக் கொடுத்தேனே, ட்யூட்டில இருக்கறவ எப்படித் தூக்குவா? ஊர்ல ஓடற பஸ் எல்லாத்துக்கும் டைம் எழுதுனீங்க. வீட்டுல இருந்து ஒருத்தி வெளியே போறதே நின்னுபோச்சு, அதைப் பார்க்கலை."

டைம்கீப்பர் தங்கையிடம் திரும்பினார். அண்ணா என்று அவள் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"நிஜ விலைக்குப் பாதின்னா நாப்பது," என்றாள் மனைவி. "ஏழு ஜென்மம் துவைச்சாலும் எனக்கு எட்டாது. ராத்திரியெல்லாம் நாங்க ரெண்டு பேரும் அதைத்தான் பேசி அழுதோம். வித்துட்டு நீங்க பஸ் வாங்குவீங்க, அது எங்கயாவது கவிழும், நாங்க எந்தத் தெருவுல நிப்போம்னு. நல்லவேளை, நீங்க பாடுபட்டு இருபத்திரண்டுக்கு இறக்கிக் கொடுத்தீங்க."

டைல்ஸ் கடைக்காரர் செக்கை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பைத் தேடினார். வீடு முழுசாக இல்லாவிட்டால் தனக்கு வேண்டாம் என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டுப் போனார்.

டைம்கீப்பர் கையெழுத்துப் போட்டார். பேனா ரெண்டு இடத்தில் காகிதத்தைக் கிழித்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் தங்கை ஒரு வாளியில் சுண்ணாம்பு கரைத்தாள். உதிர்ந்த இடங்களையெல்லாம் பூசிக்கொண்டே வந்தவள், பழுப்புக் கோடு வந்த இடத்தில் நிறுத்தி, அதைத் தொடாமல் அதற்கு மேலும் கீழுமாகப் பூச ஆரம்பித்தாள்.

டைம்கீப்பர் முன்னறையில், அம்மாவின் வெறும் கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் எங்க இருக்கறது?"

"இங்கயே, இந்த ரூம்லயே இருங்க," என்றாள் மனைவி. "ஈரச் சுவர்ங்கறதால, வாடகையில கொஞ்சம் குறைச்சுக்கறோம்."