தெருவிளக்குக்கு முக்காடு போட்டவர்

நெபுலாப் படக்காரர் என்று ஓர் இனம் புதிதாகத் தோன்றியிருக்கிறது. வானத்தில் வெகுதூரத்தில் மேகம்போல் கிடக்கும் வாயுவுக்கு நெபுலா என்று பெயர். மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்து அதைப் படம் பிடிப்பவர் இவர். கண்டுபிடிப்பது எளிது. கல்யாணப் பந்தியில் போனை நீட்டி, "இந்த வெளிச்சம் கெளம்பி அஞ்சாயிரம் வருசம் ஆச்சுங்க" என்பார். நம் இலையில் சாம்பார் ஆறிப்போகும்.

எங்கள் திருக்கோகர்ணத்துக்கு வாய்த்தவர் ஆத்மநாதன் சார். மழை வந்தால் கொடியில் கிடக்கும் சேலை நனையலாம், தொலைநோக்கி நனையக்கூடாது, மாடியில் யாரும் நடக்கக்கூடாது, அதிரும், தண்ணீர் மோட்டார் போடக்கூடாது, அதுவும் அதிரும், அவர் மட்டும் கீழறையில் மின்விசிறிக்கடியில் கணினி முன் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக முப்பது படம் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று நிறத்தையும் தாமே பூசிவிட்டு, "இயற்கையோட அழகைப் பாத்தீங்களா?" என்பார். பூசியது யார், இயற்கையா?

தை பிறந்து மேகம் விலகியதும் ஒரு பில்டர் வரவழைத்தார். நெபுலாவின் ஒளியை மட்டும் உள்ளே விட்டு, தெருவிளக்கு வெளிச்சத்தை வாசலிலேயே நிறுத்திவிடும் கண்ணாடி. அது வந்த மறுநாள் சார் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? வயரிங் வேலை பார்க்கும் ராக்கனைக் கூப்பிட்டு, மாடியை ஒட்டியிருந்த தெருவிளக்கின் தலையில் கறுப்புத் துணிப்பையைக் கவிழ்த்தார்.

அந்த விளக்கின் கீழேதான் அழகம்மாள் பணியாரம் சுடுகிறார். இருட்டில் நின்று யார் தின்பார்கள்? அடுத்த மூன்று நாளும் பாதி மாவு மிஞ்சியது.

"சார், ஒம்பது மணி வரைக்கும் லைட்டை விடுங்க. மாவெல்லாம் புளிச்சுப்போகுது."

"அஞ்சாயிரம் வருசம் நடந்து வந்த வெளிச்சம்மா. அதைக் காக்க வைக்கலாமா?"

"அம்புட்டுத் தூரம் நடந்தது, ரெண்டு மணி நேரம் ஒக்காராதா சார்?"

பூமியிலிருந்து வரும் கேள்விகளுக்கு இந்த இனம் பதில் சொல்வதில்லை.

அவர் மனைவி பரிமளா, பில்டர் வந்த பெட்டியையே எடுத்து வந்தார். "ஏங்க, தெருலைட்டைத் தடுக்கும்னு இதுலயே போட்டிருக்கே?"

"ஒனக்கு அதெல்லாம் புரியாது."

பரிமளாவுக்குப் புரிந்துவிட்டது. அன்று மாலை சார் கீழறைக்குள் போனதும், துணி எடுக்கும் கொக்கிக் கம்போடு மாடியேறி, அதிராமல் நடந்து, பையை இழுத்து எடுத்தார். தெரு பளிச்சென்றது. எட்டரைக்கெல்லாம் அழகம்மாள் மாவுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். சாருக்குத் தெரியாதா? எப்படித் தெரியும்? வானத்தைப் படம் பிடிப்பவர் வானத்தைப் பார்ப்பதில்லை, கணினியைப் பார்க்கிறார். விடியுமுன் பை பழையபடி விளக்கின் தலையில் ஏறியது.

காலையில் பால் வாங்க நின்றவர்களிடம் போன் நீண்டது. "பாத்தீங்களா? இதுவரைக்கும் எடுத்ததுலயே இதுதான் உசத்தி. எல்லாம் இருட்டோட மகிமை! லைட்டு எரிஞ்சிருந்தா இது விழுந்திருக்குமா?"

"விழுந்திருக்காது சார்," என்றார் அழகம்மாள், பால் பாத்திரத்தைப் பார்த்தபடி. பரிமளா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

சிரிக்காதீர்கள். உங்களிடம் தொலைநோக்கி இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் யாராவது சத்தமில்லாமல் கம்பை எடுத்துக்கொண்டு மாடியேறுகிறார்களா என்று இன்று மாலை ஒருமுறை தலையைத் தூக்கிப் பாருங்கள். அதற்கு நேரமில்லை என்கிறீர்களா? அப்படியானால் பார்க்கவே வேண்டாம். நீங்களும் அந்த இனம்தான் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.