சான்றிதழுக்கு இஸ்திரி போட்ட கதை

திருப்பூர்க்காரர்களுக்குச் சுருக்கத்தைக் கண்டால் ஆகாது. நாங்கள் போட்டிருக்கும் சட்டை கசங்கியிருந்தால் பரவாயில்லை, அது உள்ளூர் சரக்கு. வெளியே போகிற பனியனில் ஒரு கோடு விழுந்திருந்தால் மட்டும் முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லோரும் ஓடி வந்துவிடுவார்கள். பிசிறு வெட்டி, தேய்த்து, மடித்து, கவரில் போட்ட பிறகுதான் எதுவும் ஊரைவிட்டுப் போகலாம். இந்தச் சட்டத்தை நான் என்னுடைய நர்சிங் சான்றிதழுக்கும் பொருத்திப் பார்த்தேன். அதனால் வந்த வினைதான் இது.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். பிழைப்புக்காகச் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். காலையில் மேஜை முன் நின்றால் பொழுது சாயும்வரை நின்றுகொண்டேதான் இருப்பார். "இத்தன வருசத்துல என் கையால ஒரு பீஸ் வீணாப் போனதில்ல" என்பது அவருடைய ஒரே தற்பெருமை. (பெருமைப்பட எங்களிடம் வேறு சாமான் எதுவும் இல்லை.) அப்படிப்பட்டவரின் மகள் எஸ்தராகிய நான் நர்சிங் படித்து, கேஸ் புத்தகத்தில் இருபது பிரசவம் எழுதிக் காட்டி, பாஸாகி வந்துவிட்டேன். எங்கள் வம்சத்தில் உட்கார நாற்காலி உள்ள வேலைக்குப் போகப்போகிற முதல் ஆள் என்று அப்பா கம்பெனி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நர்சுக்கு நாற்காலியில் உட்கார நேரமே இருக்காது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

பாஸானால் மட்டும் போதாது. சென்னையில் நர்சுகளைப் பதிவு செய்யும் ஆபீசுக்கு அசல் சான்றிதழ்களோடு போய், பெயரைப் பதிந்து, ஒரு நம்பர் வாங்க வேண்டும். பல்லடத்தில் ஒரு ஆஸ்பத்திரி எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அங்கிருந்த மேட்ரன் அம்மா பேச்சில் வெண்ணெய்தான், கண்டிப்பில் இரும்பு. "நம்பர் இல்லாம ஊசியத் தொடக்கூடாது கண்ணு. ஒண்ணாந் தேதிக்குள்ள கொண்டாந்துருங்க. இல்லீன்னா வேற புள்ளையப் போட்டுருவாங்க, நா ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்று சொல்லிவிட்டார். ஒண்ணாந் தேதிக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது.

ஒழுங்கான பெண்ணாக இருந்தால் சான்றிதழைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பாள். நான் அதை எங்கள் லைன் வீடுகளில் பதினோரு வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டினேன். என் போட்டோ, பாதி போட்டோவின் மேலும் பாதி தாளின் மேலும் விழுந்த ஊதா நிற வட்ட முத்திரை, பிரின்சிபால் கையெழுத்து எல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மடிப்பு விழுந்தது. ஒரு வீட்டில் குழந்தை அதன்மேல் உட்கார்ந்து எழுந்தது. சென்னைக்குக் கிளம்புகிற அன்று எடுத்துப் பார்த்தால், சந்தையில் கடலை மடித்துக் கொடுத்த தாள் மாதிரி இருந்தது.

மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது சான்றிதழையும் கூடவே எடுத்துப் போனேன். எல்லோரும் வெளியே வேப்பமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே அப்பாவின் ஸ்டீம் பெட்டி சூடாக இருந்தது. பள்ளிக்கூட லீவில் அந்த மேஜையில் நின்று பழகியவள் நான். எனக்குத் தெரியாததா?

இங்கேதான் என் அறிவைக் கவனிக்க வேண்டும். அச்சடித்த பீஸின் மேல் நேராகப் பெட்டியை வைக்கக் கூடாது, மேலே ஒரு துணி போட வேண்டும் என்பது அப்பா சொல்லிக் கொடுத்த முதல் பாடம். முத்திரையும் அச்சுதானே! ஓட்டை விழுந்து ஒதுக்கிப் போட்டிருந்த வெள்ளை பனியன் ஒன்றை எடுத்துச் சான்றிதழின் மேல் பக்குவமாக விரித்தேன். பட்டனை அமுக்கினேன். புஸ்ஸென்று ஆவி வந்தது. இன்னும் இரண்டு புஸ் கொடுத்து, அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தேன். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

பனியனைத் தூக்கினேன். தாளில் சுருக்கம் சுத்தமாகப் போயிருந்தது. முத்திரையும் போயிருந்தது. பனியனின் நெஞ்சுப் பகுதியில் ஊதா நிறத்தில் வட்டமாக, இடம் வலம் மாறி, அது பளிச்சென்று பதிந்திருந்தது. பக்கத்தில் என் மூக்கிலிருந்து தாடை வரைக்கும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. தாளில் மிச்சமிருந்தவை இரண்டு கண்களும் ஒரு பொட்டளவு நெற்றியும்.

நான் போட்ட சத்தத்தில் அப்பா சோற்றுக் கையோடு ஓடி வந்தார். பனியனைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"ஸ்டீம் கூடிப்போச்சுட்டி" என்றார்.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து யோசித்தார். எக்ஸ்போர்ட்டில் பிரிண்ட் கெட்டுப்போனால் கெட்ட பீஸையும் சாம்பிளையும் சேர்த்துக் கொண்டுபோய் வாங்குகிறவரிடம் காட்டுவார்கள். அதையே செய்யலாம் என்றார். "சீல் எங்கயும் போவலல்லா, துணியிலதான இருக்கு? ரெண்டையும் காட்டுவோம்" என்றார். (படித்த பெண்ணாகிய நான் இதற்கு மறுப்புச் சொன்னேன் என்று நினைப்பீர்கள். "ஆமாப்பா, அதான் சரி" என்றேன்.) அட்டை வைத்து, முத்திரை முன்னால் தெரிகிற மாதிரி மடித்து, குண்டூசி குத்தி, பாலித்தீன் கவரில் போட்டு எடுத்துக்கொண்டார். அவ்வளவு அழகான பேக்கிங்கை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

மறுநாள் சென்னை. வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி பெண்கள் நின்றார்கள். கவுன்டரில் கண்ணாடி போட்ட ஒரு மேடம் என் சான்றிதழை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாரும்மா இது?"

"நான்தானுங்க மேடம்."

"மூக்கு, வாயெல்லாம் எங்கே?"

"இவங்ககிட்ட இருக்குதுங்க" என்று அப்பாவைக் காட்டினேன்.

அப்பா முன்னால் வந்தார். கவரைப் பிரித்து, குண்டூசிகளை உருவி வாயில் வைத்துக்கொண்டு, பனியனை ஒரே உதறு உதறி மேஜைமேல் விரித்தார். மேடம் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பக்கத்து மேஜைக்காரர்கள் வந்தார்கள். ஒரு அம்மா கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து முத்திரைக்கு நேரே பிடித்து, "அட, எங்க ஊர் நர்சிங் ஸ்கூல்!" என்றார். வரிசையே கலைந்து வந்து சிரித்தது. செல்போனில் கேமரா பரவாத காலம். நான் இன்றைக்கு உயிரோடிருப்பதற்கு அதுவே காரணம்.

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "அசலையே சேதப்படுத்தியிருக்கே. எப்படி ஆச்சுன்னு எழுத்துல கொடுக்கணும். அதைப் பார்த்துட்டு மேலே என்ன சொல்வாங்களோ எனக்குத் தெரியாது. ஒரு தாளைப் பத்திரமா வெச்சுக்கத் தெரியாதவ கையில ஆளை எப்படிம்மா ஒப்படைக்கிறது? யார் தேய்ச்சது?"

அந்தக் கேள்வி நியாயமானது. பல்லடம் வேலை போயிற்று, நர்ஸ் என்ற பேரும் போயிற்று என்று முடிவே கட்டிவிட்டேன்.

"நாந்தாம்மா" என்றார் அப்பா. வாயிலிருந்த குண்டூசியை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார். "பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. நான் அயர்ன் மாஸ்டர். சுருக்கமா இருக்கேன்னு அவ இல்லாத நேரத்துல தேச்சிட்டேன்."

மேடம் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். அப்பா எழுத்துக் கூட்டி எழுதினார். 'என் மகளின் சான்றிதழை நானே தேய்த்துக் கெடுத்துவிட்டேன். ஸ்டீம் அளவு என் தவறு.' ஒரு பீஸைக்கூடக் கெடுக்காத மனிதர், அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். அந்த வெட்கம் இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை.

மேடத்தின் முகம் கொஞ்சம் இளகியது. பிரின்சிபாலிடம் கடிதமும் புதுச் சான்றிதழும் வாங்கி வரச் சொன்னார். பனியனை மட்டும் திருப்பித் தரவில்லை, ஃபைலில் சேர்க்க வேண்டுமாம். அப்பா தயங்கி, "அம்மா, அது ஓட்டை பீசு. ஆபீஸ்ல வைக்கணும்னா நல்ல பீசா ஒண்ணு கொண்டாந்து தரட்டுமா?" என்றார். அப்போதுதான் மேடம் சிரித்தார்.

ரயிலில் அப்பா சொன்னது ஒன்றுதான். "வீட்லயும் கம்பெனியிலயும் இதையே சொல்லிரு. ரெண்டு கதைன்னா உளறிருவ."

அலைந்து திரிந்து நம்பர் வாங்கி, பல்லடத்துக்கு மூன்று நாள் தாமதமாகப் போனேன். மேட்ரன் அம்மா எனக்காக அந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். கதையைக் கேட்டுவிட்டு, "அப்பன் பாசத்துல பண்ணிப்போட்டாரு, போகுது உடுங்க" என்றவர், ஆறு மாதத்துக்கு, கருவிகளை ஆவியில் வேகவைக்கும் ஆட்டோகிளேவ் அறைப் பக்கம் என்னை விடவில்லை. இது பரம்பரையாக வரும் என்று பயந்திருப்பார் போல.

கம்பெனியில் அப்பாவைச் சும்மா விடவில்லை. "ஏனுங் மாஸ்டர், ரேசன் கார்டு கசங்கிக் கெடக்குதுங்க, ஒரு இழுப்பு இழுத்துக் குடுங்க" என்று வருடக்கணக்கில் கேலி பேசினார்கள். வீட்டில் அம்மாவும் அதே கட்சி. இப்போது என் மகள். போன கிறிஸ்துமசுக்குச் சொந்தங்கள் எல்லோரும் கூடியிருந்தபோது, தன் மார்க் ஷீட்டைக் கொண்டுவந்து, "தாத்தா, லேசா ஸ்டீம் குடுங்க" என்றாள். வீடே சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

இத்தனை வருடம் கழித்து எனக்குத் தாங்கவில்லை. "ஏ, உண்மையில அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

அப்பா என்னைப் பார்த்தார். "சும்மா இருட்டி. நாந்தான் தேச்சேன்னு கவர்மென்ட் ஃபைல்லயே இருக்கு" என்றார்.