ராணி நேரில் ஆஜராக வேண்டும்

என் அத்தான் பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறந்து பார்த்தே பிழைக்கிற மனிதருக்கு, மூடியே இருக்கிற ஒன்றை வளர்க்க ஆசை வந்ததில் தப்பே இல்லை. மொட்டை மாடியில் ஒரு தேனீப் பெட்டி வாங்கி வைத்தார்.

அந்த வருஷம் ஊரே தேனீ வளர்த்தது. அதற்கு முந்தின வருஷம் ஊரே கள்ளிச்செடி வளர்த்தது. அதற்கும் முன்னால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு மூச்சுப் பயிற்சி செய்தார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்தால் மாடிக்கு மாடி வெள்ளை உடுப்பும் வலை முகமூடியுமாக ஆட்கள் நின்று, தேனடையோடு மரச்சட்டத்தைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். முகமூடி போட்டபிறகு எந்தப் படம் எவருடையது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அத்தான் அந்த ரகம் இல்லை. உண்மையாகவே பிரியம் வைத்துவிட்டார். ராணித் தேனீயைக் கூட்டத்தில் கண்டுபிடிக்க அதன் முதுகில் ஒரு பொட்டு வைக்கவேண்டுமாம். அக்காவின் சிவப்பு நகப்பூச்சை எடுத்துப்போய், பல்லில் ஓட்டை அடைக்கிற அந்தக் கையால், நடுங்காமல் வைத்தார்.

"எனக்கு ஒரு நாளாவது வெச்சு விட்டிருக்கீங்களா?" என்றாள் அக்கா.

இத்தனை தேனீக்கள் கேட்பாரற்றுக் கிடக்கின்றனவே என்று அரசாங்கம் கவலைப்பட்டது. அதன் பலனாகப் பொழுதுபோக்குத் தேனீ நல அலுவலகம் என்று ஒன்று பிறந்தது. பிறந்த கையோடு சுற்றறிக்கை விட்டது. ஒவ்வொரு பெட்டிக்கும் நலச் சான்று பெற வேண்டும். தவறினால் பெட்டி பறிமுதல் செய்யப்படும். சான்று கோருவோர், குடும்பத் தலைவி என்ற முறையில் ராணியானவர் அதிகாரி முன்னிலையில் நேரில் ஆஜராவதை உறுதி செய்ய வேண்டும்.

எங்கள் தெருவுக்கு வந்த தேனீ நல அதிகாரி அதுவரை தெருவிளக்குப் பிரிவில் இருந்தவர். தங்கமான மனிதர். தேனீ என்றால் மட்டும் பயம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், விரித்த குடையோடு நின்று ஆய்வைத் தொடங்கினார்.

"ராணி எங்கே சார்?"

"உள்ளதான் இருக்கா. வெளிச்சம் பட்டா ஓடி ஒளிஞ்சுக்குவா" என்றார் அத்தான்.

"அதிகாரியைப் பார்த்து ஒளியிறாங்கன்னா ஏதோ காரணம் இருக்கணுமே?"

அத்தான் ஒவ்வொரு சட்டமாகத் தூக்கித் தேடினார். "இதோ! பொட்டு தெரியுதா பாருங்க!"

"தெரியலியே."

"கொஞ்சம் கிட்ட வாங்க சார்."

"கிட்ட வர விதியில இடமில்லையே" என்று சொல்லிவிட்டு, 'ராணி தலைமறைவு' என்று எழுதிக்கொண்டு இறங்கிப்போனார்.

மறு ஆய்வுக்கு அவர் தன் மேலதிகாரியையும் கூட்டிவந்தார். அன்றைக்கு மேலதிகாரி ராணியைப் பார்த்துவிட்டார். பார்த்த நேரத்தில் அதிகாரி குடையைச் சரிசெய்துகொண்டிருந்தார். இருவரும் ஒரே சமயத்தில் பார்த்தால்தான் செல்லுமாம். மறுபடியும் மறு ஆய்வு.

பெட்டி பறிபோய்விடுமோ என்று அத்தானுக்குத் தூக்கம் கெட்டது. ஆய்வு இல்லாத நாட்களில் அவரே காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பெட்டியைத் திறந்து, ராணி இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டார். தேனீக்கள் இளைத்துப்போயின. அடையில் தேன் கண்ணுக்குத் தெரியவில்லை.

"சார், அடிக்கடி திறந்தா அதுங்களுக்கு ஆகாது. கலைஞ்ச கூட்டைச் சரிபண்ணவே பொழுது போயிடுது. தேன் குறைஞ்சிட்டே வருது" என்று அதிகாரியிடம் மன்றாடினார்.

அதிகாரி உண்மையாகவே பதறினார். "தேன் குறையுதா? அப்ப எங்க கண்காணிப்பு போதலை சார்."

கண்காணிப்பை இரட்டிப்பாக்கினார்கள்.

ஒரு காலையில் தேனீக்கள் மொத்தமாகக் கிளம்பி, மாடியை ஒருமுறை சுற்றிவிட்டுப் பறந்துபோயின. அத்தான் காலிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, வலை முகமூடிக்குள்ளேயே அழுதார்.

"நல்லா இருக்கியா, நல்லா இருக்கியான்னு நேரங்கெட்ட நேரத்துல கதவைத் திறந்து கேட்டுட்டே இருந்தா நானும்தான் போயிருப்பேன்" என்றாள் அக்கா. "அவங்களை மட்டும் சொல்லாதீங்க. நீங்களும்தான் திறந்தீங்க."

அத்தான் கீழே இறங்கிப்போய்க் காகிதம் எடுத்தார். ஆய்வு என்ற பேரில் தேனீக்களை விரட்டிவிட்டார்கள் என்று ஒரு புகார் எழுதினார். நானும் துணைக்குப் போனேன்.

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் ரீங்காரம் கேட்டது.

"அது மின்விசிறிச் சத்தம்" என்றார் அதிகாரி.

"மின்விசிறி ஓடலையே சார்?"

"ஆமா, அது நின்னு ரொம்ப நாளாச்சு" என்று அவரும் அண்ணாந்து பார்த்தார்.

சத்தம் மூலையில் இருந்த கண்ணாடி அலமாரியிலிருந்து வந்தது. அத்தான் கைக்குட்டையால் கண்ணாடியின் தூசியைத் துடைத்தார். உள்ளே காகிதக் கட்டுகளின் மேல் வரிசை வரிசையாக அடைகள் தொங்கின. அத்தனையிலும் தேன். நடுவில், சிவப்புப் பொட்டோடு, யாருக்கும் ஒளியாமல் ராணி நடந்துகொண்டிருந்தாள்.

"இதை நீங்க திறக்கிறதே இல்லையா?" என்றார் அத்தான் மெதுவாக.

"சேச்சே! ஊர்ப் பொதுமக்களோட எல்லாக் குறைகளும் வைக்கிற அலமாரி சார் அது. அதை எதுக்குத் திறக்கணும்? சாவியே கிடையாது."

நடுவில் கண்ணாடி இருந்த தைரியத்தில் அதிகாரி கிட்டே வந்தார். மேலதிகாரியையும் கூப்பிட்டார். இருவரும் ஒரே சமயத்தில் ராணியைப் பார்த்தார்கள். அங்கேயே நின்று நலச் சான்றில் கையெழுத்தும் போட்டார்கள். சான்று, கூடு இருக்கிற இடத்துக்குத்தான். எனவே அலுவலகத்தின் பேருக்கு.

"அது என் தேனீ சார்!"

"குறையை எழுத்து மூலமா குடுங்க."

அத்தான் புகாரை நீட்டினார். அதிகாரி வாங்கிக்கொண்டு அலமாரியின் மேலே பார்த்துத் தயங்கினார். "வழக்கமா அந்த இடுக்கு வழியாத்தான் உள்ள தள்ளுவோம். இப்ப அது அவங்க வாசல். நீங்க சொன்னா தள்ளிடறேன்."

இடுக்கு வழியாகத் தேனீக்கள் போவதும் வருவதுமாக இருந்தன. அத்தான் நெடுநேரம் பார்த்தார். பிறகு புகாரைத் திரும்ப வாங்கி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வேணாம் சார். நல்லா இருக்காங்க."

சிறந்த தேனீ வளர்ப்புக்கான விருது அந்த ஆண்டு அலுவலகத்துக்கே கிடைத்தது. தேனை யாரும் ருசித்ததில்லை, திறந்தால்தானே? ஊர் மக்கள் வெள்ளை உடுப்போடு வந்து அலமாரிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று நான் ஒரு மனு எழுதிக்கொண்டு போனபோது, வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். வந்த வழியே திரும்பிவிட்டேன். அதன்பின் ஊரில் ஒரு குறையும் பதிவாகவில்லை. குறையே இல்லாத ஊர் என்று அதற்கும் ஒரு விருது கொடுத்தார்கள்.

அந்த இரண்டாவது விருதை வாங்கிக்கொண்டு வந்த அதிகாரி, எங்கள் தெரு இருட்டில் பள்ளம் தெரியாமல் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டார். கைத்தாங்கலாக அத்தானிடம் கொண்டுவந்தோம். நாற்காலியில் சாய்ந்தவர் கொதித்துப்போயிருந்தார்.

"என்ன தெரு சார் இது? ஒரு விளக்கு எரியலை! ஒரு காகிதம் குடுங்க, இப்பவே புகார் எழுதறேன்!"

அத்தான் கையில் எடுத்த கருவியைக் கீழே வைத்தார். தொழிலுக்கு வந்த நாள் முதல் யாரிடமும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னார்.

"வாயை மூடுங்க சார். தேனீங்களுக்குத் தொந்தரவு."